"வரவில்லை" என்று எழுதுமுன்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "நீ டொக்டர்தானே, சுகாதாரத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசு" என்றார். நீரிழிவு, இரத்த அழுத்தம், உணவுப் பழக்கம் என்று பேசியிருக்கலாம். அதையெல்லாம் நீங்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். ஆகவே எங்கள் மருத்துவப் பாடப் புத்தகங்களில் ஒரு பக்கம்கூடப் பெறாத ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டேன். நோயாளியின் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இடையில் இருக்கும் பாதைதான் அது.

கிளினிக்கில் ஒரு பதிவேடு இருக்கும். திகதி குறித்துக் கொடுத்தும் வராதவர்களின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதுவோம். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தால் "டிபோல்ட்டர்" என்ற பட்டமும் கிடைத்துவிடும். அந்தப் பட்டம் கிடைத்தவர் அடுத்த முறை வந்து நிற்கும்போது, "ஏன் அம்மா போன மாதம் வரவில்லை? உங்களுக்கு உங்கள் உடம்பில் அக்கறை இல்லையா?" என்று கேட்போம். அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். பதில் சொல்வதென்றால் ஒரு முழு நாளின் கதையைச் சொல்ல வேண்டும். பின்னால் எண்பது பேர் காத்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்வதில்லை. நாங்களும் அடுத்தவரைக் கூப்பிடுகிறோம்.

அப்படிப்பட்ட ஒரு நாளின் கதையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். நோயாளி என் அம்மா. நான் அன்று வைத்தியராகப் போகவில்லை, துணைக்குப் போன மகளாகவே போனேன்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் றப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தம்பி குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். சிறு வயதில் தொண்டை நோவோடு காய்ச்சல் வந்து, அது முறையாகக் கவனிக்கப்படாமல் போனால், சிலருக்கு வாதக் காய்ச்சலாக மாறி இருதய வால்வைப் பழுதாக்கிவிடும். அம்மாவுக்கு நடந்தது அதுதான். இப்போது இருதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. உள்ளே இரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடாமல் இருக்க வார்பரின் என்ற மாத்திரை எடுக்கிறார்.

வார்பரினைப் பற்றி ஒரு வார்த்தை. அளவு குறைந்தால் இரத்தம் கட்டும், பாரிசவாதம் வரலாம். அளவு கூடினால் உள்ளே இரத்தம் கசியும். ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அதனால் அம்மாவுக்குக் கிளினிக் திகதி என்பது தவற விடக்கூடாத நாள்.

ஒவ்வொரு மாதமும் தம்பிதான் கூட்டிப் போவான். அந்த ஐப்பசி மாதத்தில் அவனுக்கு வேலையிடத்தில் லீவு கிடைக்கவில்லை. நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு முந்தின நாள் இரவு வெகு நேரம் கழித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். காலை நாலரைக்கு ஒரு முச்சக்கர வண்டி பேசி வைத்திருந்தோம். கிளினிக் எட்டு மணிக்குத்தான். ஆனால் இலக்கத் துண்டு ஆறரையிலிருந்து கொடுப்பார்கள். பிந்தினால் இரத்தம் எடுக்கும் யன்னல் மூடிவிடும்.

இரவு முழுக்க மழை. நாலே முக்காலுக்கு வண்டிக்காரத் தம்பி கூப்பிட்டான். "அக்கே, பாலத்துக்குப் பக்கத்தில் மரம் விழுந்து கிடக்கிறது. மேலே வர வழியில்லை" என்றான் சிங்களத்தில். பாலம் வரைக்கும் நாங்கள்தான் இறங்க வேண்டும். மேக்கணக்கிலிருந்து குறுக்குப் பாதையில் இரண்டு கிலோமீற்றர். ஒரு கையில் டோர்ச், மறு கையில் குடை, அம்மாவைப் பிடிக்க மூன்றாவது கை எனக்கு இல்லை. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்வதுதான் சரி. "பாத்து வா புள்ள, ஒனக்கு இந்தப் பாத மறந்துபோச்சு" என்று சொல்லிச் சொல்லி அவர்தான் என்னை இறக்கினார்.

வண்டியில் ஏறிய பிறகு பார்த்தால் அம்மாவின் கணுக்காலில் இரண்டு அட்டை. தட்டி விட்டோம். அட்டை கடித்த இடம் யாருக்கும் கொஞ்ச நேரம் வடியும். வார்பரின் எடுப்பவருக்கு இன்னும் கூடுதலாக வடியும். லேஞ்சியைக் கட்டிவிட்டேன்.

பெருந்தெருவுக்கு வந்தால் முதல் பஸ் நிற்காமல் போனது. மிதிபலகை வரை ஆட்கள். இரண்டாவது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அரை மணித்தியாலம் போயிருப்போம், பின் டயர் காற்றுப் போய்விட்டது. எல்லோரும் தூறலில் இறங்கி நின்றோம். அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் வாங்குவதைக் கவனித்தேன். "தண்ணி மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டேன். "கிளினிக் போற நாள்ல அத எப்புடிப் போடுறது? பஸ்ல எங்க எறங்கிப் போறது?" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள், ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர், இருவருமே தலையாட்டினார்கள். அவர்களும் அப்படித்தானாம்.

தங்கைமாரே, உங்களில் மருத்துவமும் தாதியமும் படிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் மலசலகூடம் இல்லை என்பதால் ஒரு பெண் தண்ணீர் மாத்திரையைத் தவிர்க்கிறார். கால் வீங்கி, மூச்சு வாங்க வந்து சேர்கிறார். வைத்தியர் பார்த்து, மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுகிறார். வீட்டுக்குப் போய் அந்தக் கூட்டிய அளவை ஒழுங்காக எடுத்து, தலை சுற்றி விழுகிறார். இரத்த அழுத்தமும் அப்படித்தான். நாலு மணித்தியாலப் பதற்றத்துக்குப் பிறகு அளந்தால் கூடத்தான் காட்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வரும் நீரிழிவு நோயாளி, முந்தின இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டவர், பகல் பதினொரு மணிக்கு வரிசையிலேயே மயங்கிப் போவார். இவையெல்லாம் பாதை உண்டாக்கும் வருத்தங்கள்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் இலக்கம் 143. இரத்தம் எடுக்கும் யன்னலில் இருந்தவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு முடிந்தது, நாளைக்கு வாருங்கள்" என்றார். அவரைக் குறை சொல்லி நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கும் ஆய்வுகூடத்துக்குக் குழாய்களை அனுப்ப ஒரு நேரம் இருக்கிறது. அம்மா "சரிங்க" என்று திரும்பிவிட்டார். "நாளைக்கு வாருங்கள்" என்பது அவருக்குப் பழகிப்போன சொல்.

அதற்குள் லேஞ்சி மூன்றாவது தடவை நனைந்திருந்தது. ஐந்து மணிக்குக் கடித்த அட்டை, பத்து மணிக்கும் நிற்கவில்லை. தெரிந்த வைத்தியர் யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அம்மா மறுத்துவிட்டார். "ஒன்ன வச்சி நான் முன்னுக்குப் போனா, நம்ம லயத்துச் சனம் யார வச்சிப் போறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆகவே எந்த மகளும் செய்யக்கூடியதைச் செய்தேன். அந்த வழியால் போன ஒரு தாதியை நிறுத்தி, கிளினிக் கொப்பியைத் திறந்து வார்பரின் என்ற சொல்லைக் காட்டி, அம்மாவின் காலைக் காட்டி, எத்தனை மணிக்கு அட்டை கடித்தது என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கொப்பியையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மே, இங்கே உட்காருங்கள்" என்று சொல்லி, தானே இரத்தம் எடுத்து அனுப்பினார்.

ஐ.என்.ஆர். 6.4. அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தபோது, இருமலுக்கென்று ஒரு பாமசியில் வாங்கிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை அட்டை இருந்தது. ஐந்து நாள் எடுத்திருக்கிறார். அந்த வகை மருந்துகள் சில வார்பரினின் வேகத்தைக் கூட்டிவிடும். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, உரிய மருந்து கொடுத்து, மூன்றாம் நாள் மறுபடி பரிசோதிக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் என்றால் மறுபடி அதே பாதை. நல்ல காலம், நகரத்தில் அத்தை வீடு இருந்தது.

அம்மா இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அன்று அவர் தனியாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "நாளைக்கு" என்றதும் திரும்பியிருப்பார். மழையும் காசும் பார்த்து, அடுத்த மாதம் போகலாம் என்று இருந்திருப்பார். பதிவேட்டில் "வரவில்லை" என்று எழுதியிருப்போம்.

இந்தப் பாதை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் மலைகளில் பாதை போட்டது தேயிலையையும் றப்பரையும் இறக்குவதற்காக. கொழும்பிலிருந்து அவிசாவளை ஊடாக இரத்தினபுரி கடந்து ஓபநாயக்க வரைக்கும் ஒரு காலத்தில் குறுகிய பாதை ரயில் ஓடியது. எட்டியாந்தோட்டைக்கும் ஒரு கிளைப் பாதை இருந்தது. இன்று அந்த ரயில் அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென்று 1872 இலும் பிறகு 1912 இலும் சட்டங்கள் வந்தன. தோட்டத்துக்கு மருந்துசாலை வந்தது, "டொக்டர் ஐயா" வந்தார். அதற்கு மேல் வைத்தியம் தேவைப்பட்டால் துரையின் அனுமதியோடு கொழுந்து லொறியில்தான் நோயாளி இறங்கினார். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 இல் கம்பனிகளின் கைக்குப் போயின. நிர்வாகம் மாறிய ஒவ்வொரு தடவையும், நோயாளியைக் கீழே இறக்குவது யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே இருந்தது. இன்றும் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். துணைக்குப் போகிறவரின் பேரும் சேர்ந்து போகும்.

எங்கள் மாகாணத்தின் மழையும் மலையும் வேறு. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும், 2017 மே மாத வெள்ளமும் இங்கிருக்கும் பலருக்கு நேரில் தெரியும். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மீதும் மண் சரிந்தது. பாதை மூடுவது எங்களுக்குப் புதிதல்ல. 2022 இல் மழையே இல்லாமல் பாதை மூடியது. எரிபொருள் தட்டுப்பாடு. அந்த மே மாதம் ஊவாவில் ஹல்துமுல்லைப் பக்கம், பிறந்து இரண்டே நாளான ஒரு குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தகப்பன் பெற்றோல் தேடி அலைந்து, நேரம் கடந்து குழந்தை இறந்துபோன செய்தியை நாடே வாசித்தது.

இதை மருத்துவ உலகம் கவனிக்காமலும் இல்லை. 1994 இல் சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள், தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்து மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போவதா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போய்ச் சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நாங்கள் முதலாவது தாமதத்துக்காக மக்களைத் திட்டுகிறோம். மற்ற இரண்டும் அனுபவித்தவருக்கு முதலாவது தானாகவே வந்துவிடும். போன தடவை அலைந்து திரும்பியவர் இந்தத் தடவை போகலாமா என்று யோசிக்கத்தான் செய்வார்.

இதைத் தீர்க்க முடியாது என்று நான் நம்பவில்லை. இந்த நாடு தீர்த்துக் காட்டியிருக்கிறது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, மருத்துவிச்சி வீட்டு வாசலுக்கே போகும் முறை வந்தது. ஏறக்குறைய நமது பாடசாலையின் வயதுதான் அதற்கும். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்த நாடு, இன்று அதை 30, 40 என்ற அளவுக்குக் குறைத்திருக்கிறது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைப் பகுதியைத் தாக்கியபோது, கலாநிதி என்.எம். பெரேராவும் தோழர்களும் மருந்தும் பருப்பும் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். 1936 இல் ருவன்வெல்ல மக்கள் அவரைத் தங்கள் உறுப்பினராக அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். 2016 இல் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. அவசரமென்றால் அந்த இலக்கத்துக்கு இலவசமாக அழைக்கலாம். ஆனால் மாதாந்தக் கிளினிக்குக்கு 1990 வராது. அந்த இடைவெளியில்தான் நாங்கள் தேவைப்படுகிறோம்.

முதலில், வீட்டில் பெரியவர்கள் உள்ள எல்லோருக்கும் சில வார்த்தைகள். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் உறையில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இன்னொருவரின் தொலைபேசியிலும் வையுங்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்தும், பாமசியில் வாங்கியதும், ஒரே பையில் கிளினிக்குக்குப் போகட்டும். மழைக்காலத்தில் பாதை மூடும் என்று வைத்தியரிடம் சொல்லி, ஒரு வாரத்துக்கு மேலதிக மாத்திரை தர முடியுமா என்று கேளுங்கள். தண்ணீர் மாத்திரையையும் இன்சுலினையும் கிளினிக் நாளில் எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போகிறவர் கையில் பிஸ்கட்டும் கொஞ்சம் சீனியும் இருக்க வேண்டும். அம்புலன்ஸ் கூப்பிட்டால் தோட்டத்தின் பெயரோடு கணக்கின் பெயரையும் சொல்லி, ஒருவரைப் பெருந்தெருவில் டோர்ச்சோடு நிறுத்துங்கள்.

என் தொழிலில் இருக்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். மருந்தைக் கூட்டுவதற்கு முன், "எத்தனை மணிக்குப் புறப்பட்டீங்க? இன்றைக்கு எந்த மாத்திரையைப் போடவில்லை?" என்று கேளுங்கள். ஒருவருக்கு இரண்டு கிளினிக் என்றால் ஒரே நாளில் போட்டுக் கொடுங்கள். அடுத்த திகதியைத் தமிழிலும் எழுதுங்கள். தமிழ் 1987 இலிருந்தே இந்த நாட்டில் அரசகரும மொழிதான். "வரவில்லை" என்று எழுதுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். என் கிளினிக்கில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அழைத்துக் கேட்டால் கிடைக்கும் பதில்களில் அக்கறையின்மை மிகக் குறைவு. பஸ், மழை, பேர், துணைக்கு ஆள் இல்லை. இவைதான் அதிகம்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு. நூற்றாண்டு நினைவாக ஒரு கட்டடம் கட்டுவோம், ஒரு வாயில் வளைவு வைப்போம் என்று பேச்சு அடிபடுகிறது. அவையும் நடக்கட்டும். அவற்றோடு "துணைக்குப் போகிறவர்கள்" என்று ஒரு பட்டியலும் தொடங்குவோம். இரத்தினபுரி, கேகாலை, அவிசாவளை, கண்டி, கொழும்பு எங்கும் நம் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்தவர்கள், சிங்களம் சரளமாகப் பேசுகிறவர்கள். மாதத்தில் இரண்டு காலை நேரம் கொடுத்தால் போதும். வைத்தியசாலை வாசலில் நின்று, தோட்டத்திலிருந்து வரும் ஒருவருக்கு இலக்கத் துண்டு எடுத்துக் கொடுப்பது, வரிசையில் கூட நிற்பது, வைத்தியர் சொன்னதைத் தமிழில் சொல்வது, மலசலகூடம் எங்கே என்று காட்டுவது. இதற்கு மருத்துவப் படிப்புத் தேவையில்லை. அன்று என் அம்மாவுக்கு உதவியதும் என் மருத்துவப் படிப்பைவிட, கொப்பியை வாசித்துச் சிங்களத்தில் நாலு வசனம் சொல்லத் தெரிந்ததுதான். அது இந்தப் பாடசாலை எங்கள் எல்லோருக்கும் கொடுத்தது.

லண்டனிலும் டொரன்டோவிலும் மெல்பேர்ணிலும் இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாரே, வண்டிக் கூலிக்கு ஒரு சிறு நிதி உங்களால் முடியும். அதைவிடப் பெரிய உதவி, கிளினிக்குக்கு முந்தின நாள் மாலை ஒரு அழைப்பு. "அம்மா, கொப்பி எடுத்து வச்சாச்சா? வண்டி சொல்லியாச்சா? யார் கூட வாறா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நம் பட்டியலில் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பட்டியலின் முதல் தாளை இன்று கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், எந்தக் கிழமை வசதி என்று நாலு நிரல்கள். என் பெயரை எழுதிவிட்டேன். மீதி வரிகள் உங்களுக்காக.